மனம் ஒட்டாத நாளில் வேதம் வாசித்தால் அது மாய்மாலமா?

கேள்வி (8 ஜனவரி 2024)

தினமும் காலையில் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். மூன்று மாதமாக எதுவுமே மனதில் ஒட்டவில்லை. வாய் பாட்டுக்குச் சொல்கிறது, மனம் அதற்குள் ஆபீஸ் போய்விடுகிறது. விசுவாசம் இல்லாமல் பழக்கத்துக்காக மட்டும் செய்தால் அது மாய்மாலம்தானே? அதற்கு நிறுத்திவிடுவதே நேர்மை என்று தோன்றுகிறது. (சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி)

8 ஜனவரி, இரவு

நிறுத்தாதீங்க தம்பி.

மாய்மாலத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும். மத்தேயு 6-இல் ஆண்டவர் திட்டுவது வீதிச் சந்தியில் நின்று ஜெபிக்கிறவர்களை. உடனே அடுத்த வசனத்தில் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறார். நீங்கள் தாம்பரத்தில் ஒரு ரூமில் விடியற்காலை தனியாக உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். அங்கே யாரை ஏமாற்ற முடியும்? ரூம்மேட் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

நான் ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் வேலை பார்த்தவன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும்: காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் 6. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்ய வேண்டும் என்று போதகர் ஐயர் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நைட் ஷிப்டில் அதிகாலை ஐந்து மணிக்கு நான் ரிங் ப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்) முன்னால் நிற்கிறேன், தலைமுடியெல்லாம் பஞ்சு. அப்படியும் ஒரு நாள் கூட விட்டதில்லை. நேரம் மாறும், வாசிப்பு மாறாது. வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிவிட்டு, காப்பிக்கு முன்னால் ஒரு சங்கீதம், அவ்வளவுதான். காப்பிக்கு முன்னால் என்பது அம்மா போட்ட சட்டம். வாசிக்காதவனுக்குக் காப்பி கிடையாது.

9 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. 21 நாள் பிடிவாதமாகச் செய்துவிட்டால் போதும், எந்தப் பழக்கமும் தானாக ஒட்டிக்கொள்ளும். முயன்று பாருங்கள்.

12 ஜனவரி

21 நாள் என்று எழுதியதை அடித்துவிடுகிறேன். மகள் நர்ஸ், படித்துவிட்டுப் போன் போட்டாள். "அப்பா, அது ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினது. முகம் மாறினவங்க புது முகத்துக்குப் பழக எவ்வளவு நாள் ஆச்சுன்னு பார்த்தது. நீங்க அதைப் போய் ஜெபத்துக்குச் சொல்றீங்க" என்றாள்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமல் வருகிற நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. சிலருக்கு 18 நாளில் வந்துவிட்டது. சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லையாம்.

இது எங்கள் மில்லில் எல்லாருக்கும் தெரியும். ரிங் ப்ரேமில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) ஒரே நேரத்தில் ஓடும். எங்கேயாவது ஓர் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக யாரும் மெஷினை நிறுத்துவதில்லை. அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் பிடித்து நிறுத்தி, பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, மேலிருந்து வரும் பஞ்சோடு ஒட்டிவிட்டுக் கையை எடுத்தால் மறுபடியும் ஓடும். கை பழகினவனுக்குச் சில விநாடி வேலை. புதுப் பையன்தான் அறுந்த இழையைப் பார்த்துக் கலங்கி நிற்பான், அதற்குள் பக்கத்தில் நாலு அறுந்திருக்கும்.

15 ஜனவரி, பொங்கல்

லீவு நாள். வயிறு நிறையப் பொங்கல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வருஷத்துக்குள் பைபிளை முடிக்க வேண்டும் என்று ஜனவரி ஒன்றாம் தேதி கிளம்புகிற எல்லாருக்கும்: மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமம் கதை, யாத்திராகமம் பாதிவரை கதை, அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைக்கு எத்தனை காதுகள், எத்தனை கொக்கிகள் என்று ஆரம்பிக்கும். பிப்ரவரியில் லேவியராகமம். அங்கேதான் பாதிப் பேர் வண்டியை நிறுத்துகிறார்கள். நானே மூன்று தடவை குஷ்டரோகச் சட்டத்தில் நின்றிருக்கிறேன்.

அது முடியாதவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க. வேலைக்குப் போகிறவனுக்கு இதுவே ஏற்ற சுமை.

இதில் ஆச்சரியமான ஒரு விஷயம். வருஷத்துக்குள் வேதம் முழுக்க வாசிக்கும் அட்டவணைகளில் பேர்போன ஒன்றைப் போட்டவர் ஸ்காட்லாந்தில் டண்டீ ஊரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன். 1842-இல் தன் சபைக்காகப் போட்டார். நாளுக்கு நாலு அதிகாரம். பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. மறு வருஷமே இறந்துவிட்டார், வயது 29. அட்டவணையைக் கொடுக்கும்போதே அதில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்றும் அவரே எழுதிக் கொடுத்தார். வெறும் சடங்காகிவிடலாம். வாசித்துவிட்டோம் என்ற மெப்பு வரலாம். கடனே என்று ஓட்டலாம். சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகவும் ஆகலாம். ஆக, தம்பி கேட்ட கேள்வியைப் போனில் டிக் அடிக்கும் ஆப் வருவதற்கு 150 வருஷத்துக்கும் முன்னாலேயே அட்டவணை போட்டவரே கேட்டிருக்கிறார். ஆனாலும் அட்டவணையை அவர் கிழித்துப் போடவில்லை.

16 ஜனவரி

பழைய தமிழ் புரியவில்லை, புது மொழிபெயர்ப்பு வாசிக்கலாமா என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தாராளமாக வாசியுங்கள். நம் வீட்டில் இருப்பது 1871-இல் பவர் ஐயர் குழு முடித்த தமிழின் வழியில் வந்தது. அது வானத்திலிருந்து இறங்கின தமிழ் கிடையாது. மனப்பாடத்துக்கு மட்டும் எனக்கு அந்தப் பழைய தமிழ்தான் வரும். ஓசை அப்படி.

28 ஜனவரி

டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் பக்கத்து மாடியில் வைத்தோம். அரிசி, துணி, மிக்சி எல்லாம் போனது. அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்த அம்மாவின் பைபிளும் நனைந்துவிட்டது. அவள் கல்யாணத்துக்கு வந்த பைபிள், 1962.

தண்ணீர் வடிந்ததும் வெயிலில் வைத்தேன். காய்ந்தபிறகு தேங்காய் அளவுக்கு உப்பி நின்றது. ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன், சாப்பாட்டுக் கத்தியின் முதுகை விட்டு. எண்ணாகமம் முதல் யோசுவா வரை ஒரே கட்டியாக ஒட்டிவிட்டது, பிரிக்கவே முடியவில்லை. சங்கீதப் பக்கமெல்லாம் சுலபமாக வந்துவிட்டன. அறுபது வருஷமாக விரல் பட்டுப் பட்டு அந்தத் தாள்கள் மட்டும் துணி மாதிரி ஆகியிருந்தன. ஓரத்தில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, எங்கள் பிறந்த தேதிகள் பென்சிலில்.

அம்மாவுக்கு நாலு வருஷமாகக் கண் தெரியாது. தடவிப் பார்த்துவிட்டு, "யோசுவா ஒட்டிக்கிட்டா பரவாயில்ல, யோர்தானைக் கடந்துட்டோம்ல" என்றாள்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

இந்த வருஷம் காதலர் தினமும் சாம்பல் புதனும் (தவக்காலத்தின் முதல் நாள்) ஒரே நாள். எங்கள் கோயில் வாலிபர் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லார் முகத்திலும் உண்மையான மனந்திரும்புதல்.

தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். வாசிக்கிறாராம், ஆனால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மணி பார்க்கத் தோன்றுகிறதாம். சந்தோஷப்படுங்கள், உங்களுக்கு வந்திருப்பது பழைய, மரியாதையான வியாதி. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாகிரியஸ் என்ற துறவி இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். துறவி அறையில் உட்கார்ந்திருப்பான். சூரியன் நகரவே மாட்டேன் என்று நிற்கும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் போலத் தோன்றும். சாப்பாட்டு நேரம் வந்ததா என்று வெளியே வந்து வெயிலைப் பார்ப்பான். யாராவது சகோதரன் பேச வருகிறானா என்று எட்டிப் பார்ப்பான். அப்புறம் இந்த இடம் சரியில்லை, வேறு ஊருக்குப் போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று ஆரம்பிக்கும். 91-ஆம் சங்கீதத்தில் வரும் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்று அந்தத் துறவிகள் எடுத்துக்கொண்டார்கள். மருந்தாக அவர் முக்கியமாகச் சொன்னது: அறையை விட்டுப் போகாதே. உட்கார்.

போனை மட்டும் வேறு அறையில் வையுங்கள். எவாகிரியஸிடம் போன் இருந்திருந்தால் அவரும் தேறியிருக்க மாட்டார்.

20 பிப்ரவரி

மச்சான் பெந்தெகொஸ்தே சபை. இதையெல்லாம் வாசித்துவிட்டு நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "அத்தான், நீங்க எல்லாம் அச்சடிச்ச ஜெபம். ஆவியானவர் ஏவினாத்தான் ஜெபம். அட்டவணை போட்டா ஆவி வருவாரு?" என்றார்.

மச்சான் ஜெபத்தை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஸ்தோத்திரம் மூன்று தடவை, "இந்த வேளைக்காக நன்றி செலுத்துகிறோம்", அப்புறம் "தாழ்த்துகிறோம் தகப்பனே". ஒரு வார்த்தை மாறியதில்லை. அச்சடிக்கவில்லையே தவிர அதுவும் அச்சுதான். சொன்னேன். என் மனைவியும் அவள் தம்பியான மச்சானும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் பழைய ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் காலை, மாலை என்று முப்பது நாளுக்குப் பங்கு போட்டிருக்கும். 1549-இல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் செய்த ஏற்பாடு. பதினைந்தாம் தேதி மாலைக்கு வரும் 78-ஆம் சங்கீதம் 72 வசனம். அப்பா இருந்த காலத்தில் பதினைந்தாம் தேதி என்றால் நாங்கள் பிள்ளைகள் சாயங்காலமே வயிற்று வலி என்று படுத்துவிடுவோம். அந்த வாசிப்பில் ஆவியானவர் இருந்தாரா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அப்பா இருந்தார்.

22 பிப்ரவரி

அன்னை தெரசா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்களில் இருக்கிறது. கொல்கத்தாவில் வேலையை ஆரம்பித்த காலத்திலிருந்து கடைசிவரை, அநேகமாக ஐம்பது வருஷம், உள்ளே இருட்டு, ஆண்டவர் இல்லாதது போன்ற வறட்சி. நடுவில் கொஞ்ச நாள் மட்டும் விலகியிருக்கிறது. அத்தனை வருஷமும் விடியற்காலை சிஸ்டர்மாரோடு தரையில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார். தம்பியின் மூன்று மாதத்தை இதோடு வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை, அவரவர் சுமை அவரவருக்கு. இதற்கு மாய்மாலம் என்று பேர் வைக்க எனக்குத் துணிவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

10 மார்ச்

முதல் நாள் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. இரண்டு மாதமாக உறுத்துகிறது.

"ஒரு நாள் கூட விட்டதில்லை" என்று எழுதினேன். விட்டிருக்கிறேன். 14 மாதம்.

2003 ஆகஸ்டில் என் தம்பி இரவு பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துபோனான். அன்று எனக்கு நைட் ஷிப்ட். நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க 121-ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டே ப்ரேமைச் சுற்றி வருவது என் வழக்கம். எட்டே வசனம், ஒரு சுற்றுக்கு ஒரு சங்கீதம் சரியாக இருக்கும். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்." விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருப்பது அவரும் நானும்தான் என்று சகதொழிலாளிகளிடம் ஜோக் அடிப்பேன். அந்த இரவும் அதைச் சொல்லிக்கொண்டுதான் சுற்றினேன். செய்தி வந்து மில் கேட்டுக்குக் கூப்பிட்டபோது மணி மூன்றே கால்.

அடக்கம் முடிந்த மறுநாள் பைபிளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். உறங்காதவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவேண்டியிருந்தது, கேட்கவும் மனமில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஊர் கேட்கும். வெள்ளை வேஷ்டி கட்டி, காணிக்கை போட்டு, திருவிருந்து எடுத்து வந்தேன். மாய்மாலத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று அன்றைக்கு அவ்வளவு தெளிவாக எழுத முடிந்தது இதனால்தான்.

வீட்டில் குடும்ப ஜெபத்தை என் மனைவி நிறுத்தவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எட்டரை மணிக்குப் பாய் விரிப்பாள். பிள்ளைகள் இரண்டும், அம்மாவும் உட்காருவார்கள். ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனம் வாசிப்பு, ஜெபம். நான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன். இருந்தது ஒரே அறை, எழுந்துபோக வேறு இடம் இல்லை. என் முறை வரும்போது என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும், ஒரு நொடிகூட நிற்காது. அதை அவர்கள் எப்படிப் பேசிவைத்துக்கொண்டார்களோ தெரியாது.

2004 அக்டோபரில் ஒரு நாள் மகள் முறை. மூன்றாம் வகுப்பு. "எனக்கு ஒத்தாசை வரும் ப… பர்…" என்று திக்கினாள். பர்வதங்களுக்கு. வாயில் நுழையவில்லை. மனைவி எடுத்துக்கொடுப்பாள் என்று பார்த்தேன், எடுத்துக்கொடுக்கவில்லை. அம்மாவுக்கு மனப்பாடம், அவளும் பேசாமல் இருந்தாள். பிள்ளை மூன்றாவது தடவை திக்கியபோது, சுவரைப் பார்த்தபடியே "பர்வதங்களுக்கு" என்றேன்.

"அப்படின்னா என்னப்பா?"

"மலை."

"மலைன்னே போட்டிருக்கலாம்ல?"

மறுநாள் பாயில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அழுகை, தரிசனம் எதுவும் கிடையாது. தம்பி ஏன் போனான் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. 121 வாசிக்கும்போது மூன்றாம் வசனத்தில் இப்போதும் குரல் இறங்கும்.

11 மார்ச்

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷம் ஆச்சு, நான் நன்றாக இருக்கிறேன்.

"அப்படியானால் நிறுத்தினதும் தப்பில்லை என்று ஆகிறதே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். யோசித்தேன். நான் நிறுத்தினேன், வீடு நிறுத்தவில்லை. சென்னையில் வீட்டை விட்டு ரூமில் இருக்கிற தம்பிக்கு இந்தப் பதில் உதவாது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் நிறுத்தினால் பாய் விரிக்க ஆள் இல்லை. முதல் நாளே "யாரோடாவது சேர்ந்து வாசிங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். 31 வருஷக் கணக்கைச் சொல்லிப் பெருமையடித்துவிட்டேன்.

மகள் படித்துவிட்டாள். "நான் பர்வதம்னு திக்கினது எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்கிறாள். அப்புறம் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அன்று எடுத்துக்கொடுக்கவில்லை என்று. "வெத்தலை வாயில இருந்துச்சு" என்றாள்.

30 மார்ச்

நேற்று பெரிய வெள்ளி, பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் பதினொன்றுக்கே போகவேண்டியிருந்தது. ஐந்தாம் வார்த்தை "தாகமாயிருக்கிறேன்" வரும்போது சபை முழுக்க அதை மனப்பூர்வமாக ஆமோதித்தது.

தம்பி எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து வந்த இன்னொரு பையனோடு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறாராம். பல்லாவரம் வருவதற்குள் ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வசனம், போனிலேயே. மனம் ஒட்டுகிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 119-ஆம் சங்கீதம் வந்தபோது எக்மோர் தாண்டிவிட்டதாம். அதில் 176 வசனம் தம்பி. எட்டெட்டாக 22 பங்கு போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், நாளுக்கு ஒரு பங்கு போதும்.

அம்மாவுக்குப் போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது 1 நாளாகமம் ஓடுகிறது, முதல் ஒன்பது அதிகாரம் வெறும் பெயர்கள். அவள் தூங்கிவிட்டாள், அது பாட்டுக்கு இன்னாருடைய குமாரன் இன்னார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் எழுந்துவிடுவாள். காலை நாலரைக்கு உயிர்த்தெழுதல் ஆராதனை. வேஷ்டி தேய்க்க வேண்டும்.